அவள் என்னை மன்னித்த படம்

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் நாலு பேராவது கணினியில் தேடிப் பார்ப்பீர்கள். அந்தச் சிரிப்பைக் காண்பீர்கள். கண்டுவிட்டு, இவ்வளவு நல்ல பிள்ளையைப் பற்றியா இப்படி எழுதினாய் என்று என்னிடமே சண்டைக்கு வருவீர்கள். எனக்கு அது பழகிவிட்டது. இன்னொரு முறை கேட்கப் பொறுமை இல்லை. அவளைப் பிரேசில்காரி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரிலும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். மூன்று மாதம் போக, "எங்கள் பிரேசில்காரி" என்றார்கள்.

எங்கள் ஊர் ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஊர் நீச்சல் கழகத்தில் நீந்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் பெரிய சலவை ஆலையில் வேலை. வெளுத்து வரும் விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பகுதி. வேலை முடிந்ததும் நேரே தடாகத்துக்குப் போய், ஈரமான பிளாஸ்டிக் வாங்கில் குந்தியிருந்து மகளுக்குக் காத்திருப்பேன். அங்கேதான் அவளைக் கண்டேன்.

கழகத்தின் பயிற்சியாளருக்கு அவளை முன்பே தெரியும். தன் நாட்டில் பெரிய நீச்சல்காரி, மார்பு நீச்சலில் அவளுக்கு நிகர் ஆளில்லை, கொஞ்ச நாளாகச் சரியில்லை, இங்கே வந்து நிமிரப் போகிறாள் என்று சொன்னார்கள். கழகம் ஓர் அறையும் கந்தோரில் அரைநாள் எழுத்து வேலையும் கொடுத்தது. வந்த முதல் நாள் துப்புரவு செய்பவர்கள் மூன்று பேரிடமும் போய்ப் பேர் கேட்டாள். மறுநாள் மூவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நுழைவுச்சீட்டு கொடுக்கும் சிடுமூஞ்சிக் கிழவியின் பூனைக்கு என்ன பேர் என்றுகூட ஒரு வாரத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் மகள் பெரிய பெண்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, வாங்கில் இருந்த என்னிடம் வந்து, "அக்கா" என்றாள். பத்து வருடம் ஜெர்மனியில் இருந்த என்னை எந்த வெளியாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உருகிப்போனேன். அந்த உருக்கத்தை நினைத்தால் இன்றைக்கு என்னைப் பார்த்தே எனக்கு எரிச்சல் வருகிறது.

நாங்கள் இருவரும் பேசியது டொச்சில், ஜெர்மன் மொழியில். என் டொச் நொண்டி என்றால் அவளுடையது இன்னும் நொண்டி. ஆனால் நினைவில் அவள் எங்கள் தமிழில்தான் பேசுகிறாள். அதையும் அவள் வென்றுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய குணம் ஒன்றுதான். எல்லாருக்கும் அவளைப் பிடிக்க வேண்டும். ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் அவளால் தாங்க ஏலாது. மற்றதெல்லாம் இதன் கிளைகள். பேர் கேட்பது, பிறந்தநாள் நினைவு வைப்பது, குழந்தைகளின் நீச்சல் தொப்பியில் கையெழுத்துப் போடுவது, தோற்றவளைத் தேடிப் போய்க் கட்டிப்பிடிப்பது. பேக்கரிக்காரன் தன் பாண் பைகளில் அவள் முகத்தை அச்சடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சாப்பாட்டு மேசையிலும் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாரும், அந்தப் பையைக் குப்பையிலை போடாதையும்," என்பார் என் கணவர். "தெரிஞ்ச பிள்ளையின்ரை முகம்."

அப்படிச் சேர்ந்த பைகள் எங்கள் குசினியில், கரண்டி வைக்கும் லாச்சியில் ஒரு கட்டு இருந்தன.

ஒரு நாள் தடாகத்துக் கன்ரீனில் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டே தன் கதையைச் சொன்னாள். பதினெட்டு வயதில் ஒரு பெரிய போட்டியில் தங்கம் வென்றாளாம். விமான நிலையத்தில் மேளதாளத்துடன் நின்றார்களாம். பால் பெட்டியில் அவள் படம், பேருந்துகளில் அவள் படம், பிறந்த குழந்தைகளுக்கு அவள் பேர். மூன்று வருடம் கழித்து உலகப் போட்டியில் நாலாவதாக வந்தாளாம். திரும்பி வந்து இறங்கினால் அம்மா மட்டும் நின்றாராம்.

"அம்மாவும் என்னைப் பாக்கேல்லை அக்கா. எனக்குப் பின்னாலை வேறை ஆரும் வாறாங்களோ எண்டு பாத்தவ," என்றாள்.

"நாலாவதா வந்ததுக்கே?"

"ஓம். நாலாவது ஆளின்ரை பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் நிக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இதையும் எழுதி வைக்கிறேன். அவள் பக்கத்து நியாயத்தை நான் மறைத்தேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

கோடையில், எங்கள் ஆட்கள் கட்டிய ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கு வரப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். என்னுடைய அரக்குநிறச் சேலையை உடுத்திவிட்டேன். நிறம் எங்கள் நிறம், தலைமயிரும் எங்கள் தலைமயிர். கோவில் வீதியில் எல்லாரும் அவளிடம் தமிழிலேயே பேசினார்கள். "பிள்ளை யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்று ஒரு அம்மா கேட்க, இவள் தெரிந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, "ஓம், ஓம்," என்று தலையாட்டினாள். மோர்ப்பந்தலுக்குப் போய் வருவதற்குள் ஐந்து குடும்பம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிவிட்டது. தேர் இழுபடத் தொடங்கியதும் சனம் முழுக்கத் தலைக்கு மேலே கை கூப்பியது. இவள் வலது கையை மட்டும் தூக்கினாள்.

"ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிடு பிள்ளை," என்றார் அந்த அம்மா.

இவள் அழகாகச் சிரித்தாள். இடது கை எழும்பவில்லை. கும்பிடத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்தேன். தன் பையை எப்போதும் வலது தோளில் மட்டும் போடுவாள் என்பதும், தலையை ஒரு கையால்தான் துவட்டுவாள் என்பதும் பிறகு பிறகுதான் என் நினைவுக்கு வந்தன.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அவள் கதையில் எனக்கொரு இடம் கொடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் நீச்சல் போட்டிகளுக்கு நடுவர்கள் பெரும்பாலும் சம்பள ஆட்கள் இல்லை. ஒவ்வொரு கழகமும் தன் பிள்ளைகளின் தாய் தகப்பனிலிருந்து ஆள் அனுப்ப வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் கழகத் தலைவர், "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார். ஜெர்மன்காரத் தாய்மார் ஒருத்தியும் நிமிரவில்லை; எல்லாருக்கும் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது. நானோ அகதியாக வந்தவள். இந்த நாட்டில் ஒரு விதியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் கடிதம் வரும், பிள்ளையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து கையைத் தூக்கினேன். அப்படி ஒன்றும் நடந்திருக்காது என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை அது.

தூக்கிய கையை இறக்கவும் எனக்குத் தெரியாது. விதிப்புத்தகத்தை அகராதியுடன் வைத்துக்கொண்டு, சாரதிப் பத்திரத்துக்குப் படித்ததுபோலப் பாடமாக்கினேன். பயிற்சி வகுப்பில் எனக்குத்தான் கூடிய புள்ளி. வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு நான் வெளிக்கிட, "இதென்ன, டொக்டர் அம்மாவோ?" என்று கணவர் கேலி செய்தார். முதல் போட்டியிலேயே எங்கள் கழகத்துப் பிள்ளை ஒன்றின் பிழையைப் பிடித்துக் கொடுத்தேன். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பிரேசில்காரி மட்டும், "அக்கான்ரை கண்ணிலை படாமல்தான் இனி நீந்தவேணும்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மார்பு நீச்சலில் திரும்பும்போது இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை தொட்டால் போதாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் விதி. இதற்கு மேல் இந்தக் கதை விளங்க உங்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வசந்தத்தில் எங்கள் கழகம் நடத்திய போட்டி வந்தது. அவளுடைய நாட்டு அணிக்குத் திரும்பப் போவதற்கு ஒரு குறித்த நேரத்துக்குள் நூறு மீற்றர் நீந்திக் காட்ட வேண்டும். அதற்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். ஊரே வந்திருந்தது. பேக்கரிக்காரன் பச்சை மஞ்சள் கொடிகளைக் கட்டியிருந்தான். ஊன்ட்றொப்பில் அவளைச் சாப்பிடக் கூப்பிட்ட குடும்பத்தில் ஒன்றுகூட வந்து குந்தியிருந்தது. ஐம்பது மீற்றர்த் தடாகம். பார்க்க வந்த சனம் எல்லாம் நீச்சல் தொடங்கி முடியும் பக்கத்தில். மற்ற முனையில், அவள் ஒரேயொரு தடவை திரும்பும் இடத்தில், அவளுடைய நாலாம் பாதைக்கு நடுவராக நான்.

ஓர் உடம்பு நீளம் முன்னால் வந்தாள். நான் குனிந்தேன். வலது கை சுவரில் அடித்தது. இடது கை வரவில்லை. சுவருக்கு ஒரு சாண் இருக்கையில், தண்ணீருக்குள் கீழே தொங்கியபடி நின்றுவிட்டது. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

சந்தேகம் வந்தால் நீந்துகிறவரின் பக்கம் நில் என்று புத்தகம் சொல்கிறது. நான் என்னை நானே கேட்டேன். உனக்குச் சந்தேகம் இருக்கிறதா? இல்லை. தினமும் ஆயிரம் வெள்ளைத் துணியில் கடுகளவு கறையைத் தேடும் கண் எனக்கு. பிழை என்று காட்டக் கையை உயர்த்தினேன். தலைமை நடுவர் ஒருவரைத் தவிர யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. அவள் முடித்தாள், பலகையில் நேரம் விழுந்தது, நேரம் போதுமாயிருந்தது. மண்டபம் எழுந்து கத்தியது. அவள் தண்ணீருக்குள் நின்று வலது கையை ஆட்டினாள். என் மகளும் கதிரையில் ஏறி நின்று துள்ளிக்கொண்டிருந்தாள். என் கை அப்போதும் மேலேதான் இருந்தது.

தலைமை நடுவர் என்னிடம் நடந்து வந்தார். நல்ல மனிதர், வியர்த்துப்போயிருந்தார்.

"கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"எந்தக் கை?"

"இடது."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிக்க ஒண்டும் இல்லை. இடது கை சுவரைத் தொடேல்லை."

எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நாலாம் பாதை தகுதி நீக்கம் என்று. சனம் ஊளையிட்டது. யாரோ பாண் பையைக் கசக்கி என் பக்கம் எறிந்தார்கள். கழகத் தலைவர் ஓடிவந்து ஆட்சேபணை கொடுக்கப் போவதாகக் கத்தினார். அதற்கு அரைமணி நேரம் இருக்கிறது. அவள் வாய் திறந்து, என் இரண்டு கையும் தொட்டது என்று சொன்னால் போதும். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒலிவாங்கியை அவளுக்கு முன்னால் நீட்டினார்கள்.

"ஆட்சேபணை வேண்டாம்," என்றாள். "அந்த அக்கா தன்ரை வேலையைச் செய்தவ. பிழை ஆருக்கும் வரும். எனக்கு அவவிலை கோவம் இல்லை."

கேட்டீர்களா? பிழை ஆருக்கும் வரும். யார் பிழை என்று சொல்லவில்லை. மண்டபம் கரைந்துபோனது. அழுதார்கள். நாட்டு அணியையே இழந்து நின்றும் மன்னிக்கிறாளே என்று பக்கத்துப் பாதைக்கு நின்ற பெண் நடுவர் மூக்கைச் சிந்தினார். ஆட்சேபணை கொடுத்தால் விசாரிப்பார்கள், விசாரித்தால் அவளுடைய இடது தோள் பழுதானது வெளியே தெரியும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டாளா? தடாகத்தைச் சுற்றி நடந்து, எல்லாரும் பார்க்க, ஈர உடம்போடு என்னிடம் வந்தாள். பத்திரிகைக்காரன் பின்னால் ஓடி வந்தான். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிடித்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னாள்:

"அக்கா, நீங்கள் கண்டது சரி. கை வரேல்லை."

அதை உரக்கச் சொல்லடி என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் படம் எடுத்தான். மறுநாள் பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்கு வந்தது. கண் கலங்கி, வாய் பிளந்து, வெள்ளை உடுப்பில் நான், மன்னிப்புக் கேட்பவளைப் போலவே. அவள் முகத்தில் கருணை. மன்னிக்கத் தெரிந்தவள் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

உடுப்பு மாற்றும் அறைகளுக்குப் போகும் ஒடுங்கிய ஓடையில் அன்றைக்கே அவளை மறித்தேன்.

"வெளியிலை போய்ச் சொல்லு. எனக்குச் சொன்னதை அவங்களுக்குச் சொல்லு."

"ஏலாது அக்கா. தோள் போச்செண்டு தெரிஞ்சால் என்னை ஆர் பாப்பினம்?"

"என்னைப் பொய்க்காரி எண்டு நினைக்கினம். என்ரை பிள்ளை இந்தக் கழகத்திலை எப்பிடி நீந்துறது?"

"நீங்கள் பிழை விட்டியள் எண்டு நான் சொல்லேல்லையே," என்றாள். அவளுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. "பிழை ஆருக்கும் வரும் எண்டுதானே சொன்னனான். என்னிலை கோவிக்காதையுங்கோ அக்கா. நீங்கள் கோவிச்சால் எனக்கு நித்திரை வராது."

பாருங்கள், அந்த நேரத்திலும் என்னையும் விட்டுவைக்க மனமில்லை. எனக்கும் அவளைப் பிடிக்க வேண்டுமாம். அறைந்திருப்பேன். வெள்ளை உடுப்பில் நின்றதால் விட்டேன்.

பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் சுட்டன. பேக்கரியில் என் முறை வந்ததும் கடைப்பெண் பாணை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தமிழ்க் கடையில், "அக்கா, எங்கடை ஆக்களுக்கு ஏன் இந்தத் தலையிடி?" என்று கேட்டார்கள். கழகம் என்னை நடுவராக அழைப்பதை நிறுத்தியது. கடிதம் ஒன்றும் வரவில்லை, அழைக்கவில்லை, அவ்வளவுதான். கணவர் லாச்சியிலிருந்த பைகளை எடுத்து எறிந்துவிட்டு, "ஒரு சாண் தானே, கண்ணை மூடியிருக்கலாம்," என்றார். அந்த மனிதனோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

கழகப் பேருந்தில் மகளுக்குப் பக்கத்தில் குந்த ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒரு நாள் நீச்சல் பையைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டு நின்றாள்.

"அம்மா, உண்மையாக் கண்டனீங்களோ?"

"கண்டனான். அவளே என்ரை காதுக்குள்ளை சொன்னவள், நான் கண்டது சரியெண்டு."

மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கூசிப்போய்ப் பார்த்தாள், பிடிபட்ட பிறகும் கதை கட்டும் ஓர் ஆளைப் பார்ப்பதுபோல. "சரி அம்மா," என்றாள். அதன் பிறகு அவள் நீந்தவில்லை. என்னிடம் எதையும் உண்மையா என்று கேட்கவும் இல்லை.

பிரேசில்காரி இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டாள். வழியனுப்ப நூறு பேர் போனார்களாம். குறித்த நேரம் கணக்கில் இல்லாததால் அணியில் சேர்க்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் ஒரு பெண் நடுவர் இவள் வாய்ப்பைப் பறித்ததையும் இவள் மன்னித்ததையும் அங்கே வீடு வீடாகக் கதைத்தார்கள். மேளதாளம் மறுபடி வந்தது. மனம் உடைந்து இனி நீந்தமாட்டேன் என்று அறிவித்தாளாம். தொலைக்காட்சியில் பேச வைத்தார்கள், குழந்தைகளுக்கான நிகழ்ச்சி கொடுத்தார்கள். நாலாவதாக வந்தபோது மறந்த நாடு, நீந்தாமல் விட்டபோது அவளைத் தலையில் வைத்துக்கொண்டாடியது. நான் வேறு ஊர்க் கழகத்துக்குப் போய் நடுவர் வேலையைத் தொடர்ந்தேன், ஒரு மணி நேரம் ரயிலில். வீம்புக்குத்தான் போனேன்.

எங்கள் ஊர்த் தடாகத்தின் ஓடைச் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகையில் வந்ததை அன்றைக்கே முகம் மட்டும் பார்த்துவிட்டுக் கிழித்தவள் நான். போய்ப் பார்ப்பேனா?

ஆறு வருடம் கழித்து, மகள் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தோள், முழங்கால் நோய்க்காரருக்குத் தண்ணீருக்குள் பயிற்சி கொடுக்கப் பழக, அதே தடாகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு மத்தியானம் என் வேலைத்தலத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, இப்ப வாங்கோ. தடாகத்துக்கு."

"என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை. வாங்கோ."

போனேன். ஓடையில், அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"இதைக் காட்டவே கூப்பிட்டனீ?"

"முகத்தைப் பாக்காதையுங்கோ அம்மா. கையைப் பாருங்கோ."

பார்த்தேன். பிரேசில்காரியின் வலது கை என் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தது. இடது கை அவள் பக்கத்தில் நேரே கீழே தொங்கியது, விரல்கள் விரிந்தபடி. அந்தக் கை என்னைத் தொடவில்லை. தோள்மூட்டு ஒரு பக்கம் இறங்கியிருந்ததை மகள் விரலால் காட்டினாள். அவளிடம் வரும் நோய்க்காரர்கள் இப்படித்தான் நிற்பார்களாம். இந்தக் கையை முன்னுக்கு முழுக்க நீட்ட ஏலாதாம்.

ஊர் முழுக்க ஆறு வருடமாக அந்த ஓடையால் போய் வந்தது. கையைப் பார்ப்பதற்கென்றே படித்த நானும் பார்க்கவில்லை.

"அண்டைக்கு நான் உங்களை நம்பேல்லை அம்மா," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணாடிக்குள்ளே அந்த முகம் இன்னும் என்னை மன்னித்துக்கொண்டிருந்தது. என் பிள்ளை என்னை நம்பாமல் இருந்த ஆறு வருடத்தைப் பிரேசில்காரி அந்த ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.